வாசலில் நிற்கும் நாயை வீட்டில் சேர்க்கலாமா?

"நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது தெருவுக்குத்தான் ஓடும்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இன்று வெளியூரில் வாழும் நம் குடும்பங்களில் நடப்பது வேறு. பள்ளிவிட்டு வரும் பிள்ளை, தெருவோரம் கிடந்த ஒரு குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, "அம்மா, இதை நாம வச்சுக்கலாமா?" என்று கேட்கிறது. அம்மா அப்பாவைப் பார்க்கிறார். அப்பா பாட்டியைப் பார்க்கிறார். பாட்டி பழமொழியைச் சொல்கிறார். குட்டியோ இதற்குள் பாயில் ஒண்ணுக்குப் போயிருக்கும்!

அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தெரியாமல் திகைக்கும் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது இந்தப் பாடம். வேண்டாம் என்று சொல்வது தவறல்ல. வைத்துக்கொள்வதும் தவறல்ல. வைத்துக்கொண்டபின் கைவிடுவதுதான் தவறு. கட்டுரையில் மற்றவற்றை மறந்தாலும் வாசகர்கள் இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால் போதும்.

மறையூர் மணி

மறையூர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கும் பாதையில் இருக்கிறது. மறையூர், காந்தல்லூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களைச் சேர்த்து அஞ்சுநாடு என்பார்கள். தமிழ் பேசும் குடிகள் தலைமுறை தலைமுறையாக வாழும் நாடு இது. சந்தனக் காடும் கரும்பும் வெல்லமும் இதன் செல்வங்கள். கையால் உருட்டிச் செய்யும் மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கரும்பாலைக் கொட்டகை என்றால் அங்கே நாய் இல்லாமல் இராது. பாகு காயும் கொப்பரைக்கு அருகே கதகதப்பு உண்டு. வேலையாட்கள் போடும் சோறும் உண்டு. ஒரு தோட்டத்தில் கரும்பு தீர்ந்ததும் ஆட்கள் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அப்படிப் போனவர்கள் விட்டுச்சென்ற குட்டி ஒன்றை என் தங்கை ஒரு நாள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். மணி என்று பெயர் வைத்தோம். நான்கு ஆண்டுகள் அது எங்கள் வீட்டுப் பிள்ளையாக இருந்தது.

பிறகு அப்பாவுக்குப் பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. கிடைத்தது மாடியில் ஒரு வாடகை வீடு. நாய் கூடாது என்றார் வீட்டுக்காரர். "அத்தை வீட்டில இருக்கட்டும். தெருவில பிறந்த நாய்தானே, பிழைச்சுக்கும்" என்றார் அப்பா. சாமான் ஏற்றிய லாரிக்குப் பின்னால் மணி சந்தனக் காட்டு வேலிவரை ஓடி வந்தது.

அது அத்தை வீட்டில் தங்கவில்லை. பூட்டிக் கிடந்த எங்கள் பழைய வீட்டுத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டது. அத்தை அங்கேயே சோறு கொண்டுபோய் வைத்துவந்தார். ஒரு நாள் காலையில் முதல் நாள் வைத்த சோறு அப்படியே இருந்தது. சிறுத்தை நடமாட்டம் இருந்த மாதம் அது. அத்தை இதை எழுதிய கடிதத்தை அப்பா எங்களிடம் காட்டவில்லை. பல ஆண்டுகள் கழித்து அவருடைய பெட்டியில்தான் கண்டெடுத்தேன்.

பாட்டியின் பழமொழி எங்கள் வீட்டில் பொய்த்துப் போயிற்று. மணி தெருவுக்கு ஓடவில்லை. வீட்டை விட்டுப் போனவர்கள் நாங்கள்தான்.

கல்லில் நின்ற நாயும் மண்ணில் தேடிய நாயும்

பாண்டவர்கள் மறைந்திருந்த ஊர் என்பதால் மறையூர் என்று பெயர் வந்ததாக ஊரார் ஒரு கதை சொல்வார்கள். அந்தப் பாண்டவரில் மூத்தவரான தருமர், தம் கடைசிப் பயணத்தில் தாமாகவே பின்தொடர்ந்து வந்த ஒரு நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்குள் நுழைய மறுத்தார் என்பது பாரதம். யாரும் வளர்க்காத நாய் அது. கூடவே வந்தது என்ற ஒரே உரிமைதான் அதற்கு.

மறையூரில் பாறை மேடுகளில் பெரும் பலகைக் கற்களால் ஆன பழங்கால ஈமச் சின்னங்கள் நிற்கின்றன. முனியறை என்று அவற்றைச் சொல்வார்கள். இறந்தவரைக் கல் நாட்டி நினைப்பது தமிழரின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தில் நாய்க்கும் இடம் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. மாடு கவரும் பூசலில் இறந்த வீரனோடு அவனுடைய நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு கூறுகிறது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் நம் முன்னோர்.

இனி நம் காலத்துக்கு வருவோம். மூணாறிலிருந்து மறையூருக்கு வரும் வழியில் ராஜமலை இருக்கிறது. அதற்கும் உள்ளே இருப்பது பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, பெருமழையில் மலை சரிந்து அங்கிருந்த தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. 70 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். கயத்தாறுப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் பலர்.

அந்த லயத்தில் குவி என்றொரு நாய் இருந்தது. நாட்டு நாய்தான். தேடுதல் ஒரு வாரத்தைக் கடந்தபோது, ஆற்றோரம் ஓரிடத்தில் அது நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததைத் தேடுதல் பணியில் இருந்தவர்கள் கவனித்தார்கள். அங்கே தேடியபோது இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் உடல் கிடைத்தது. குவியோடு விளையாடிய குழந்தை அது. சோறு வைக்க ஆளில்லாமல் அலைந்த குவியை இடுக்கி மாவட்டக் காவல்துறையின் நாய்ப்படையினர் எடுத்துப் பராமரித்தார்கள். அந்த வீட்டில் உயிர் தப்பியிருந்த பாட்டி கேட்டுக்கொண்டதன்பேரில் 2021-இல் அவரிடம் அதை ஒப்படைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குவிக்குப் போலீஸ் முகாமில் சோற்றுக்கும் மருந்துக்கும் குறைவிருந்திருக்காது. ஆனாலும் எல்லாரையும் இழந்த அந்தப் பாட்டிக்கு, வீட்டில் மிஞ்சிய உயிராக அந்த நாய் வேண்டியிருந்தது. நாய் நம்மிடம் ஒட்டிக்கொள்வது போலவே நாமும் அதனிடம் ஒட்டிக்கொள்கிறோம். ஆகவேதான் யோசித்துச் செய்ய வேண்டும் என்கிறோம்.

எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியவை

நாயின் ஆயுள் சுமார் 12 முதல் 15 ஆண்டுகள். ஐந்தாம் வகுப்பில் குட்டியைத் தூக்கி வரும் பிள்ளை, அது கிழடாகும்போது கல்லூரி முடித்து வேறு ஊரில் வேலையில் இருக்கும். அப்போது நாய்க்கு மருந்து கொடுக்கப் போவது பெற்றோர்தான். ஆகவே பிள்ளையின் ஆசையை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். பாட்டிக்கு நாய் ஆகாது என்றால் அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிடுவதே நல்லது. அவரும் அந்த வீட்டில்தான் பகல் முழுதும் இருக்க வேண்டும்.

வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் நாய் வளர்ப்பதை அடியோடு தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. அதைக் காட்டி அண்டை வீட்டாரோடு சண்டைக்குப் போவதைவிட, லிஃப்டிலும் படிக்கட்டிலும் நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்வதும், அசுத்தத்தை நாமே எடுத்துப் போடுவதும் நூறு மடங்கு பயன் தரும்.

அந்த வாரியம் தோன்றியதற்குக் காரணமானவர் ஒரு தமிழ்ப் பெண்மணி என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது விலங்குவதைத் தடுப்புக்காக மசோதா கொண்டுவந்தார். அதன் விளைவாக 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-இல் அமைந்த வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அந்தச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி, பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது குற்றம். ஆனால் முதல் முறை குற்றத்துக்கு அந்தச் சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான்! தெருநாய்கள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 22-8-2025 அன்று பிறப்பித்த உத்தரவு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. தெருநாயைத் தத்தெடுக்க விரும்புவோர் மாநகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம். தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. இந்தப் பாடத்தின் சாரமும் அதுவே.

எந்த நாய்? எங்கிருந்து?

தெருவிலிருந்து எடுப்பதானால் முதலில் அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். வழி தவறிய வீட்டு நாயாக இருக்கலாம். தெருவே சேர்ந்து சோறு போடும் நாயாகவும் இருக்கலாம். காதோரத்தில் சிறு வெட்டு இருந்தால் அது கருத்தடை செய்யப்பட்ட நாய் என்பதற்கு அடையாளம். தாயிடம் பால் குடிக்கும் குட்டியைப் பிரிக்காதீர்கள். எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்த குட்டிதான் கடியின் அளவை அறியும். விளையாட்டில் ஓங்கிக் கடித்தால் மற்றக் குட்டி கத்திவிட்டு விலகிப்போகும். அதுவே முதல் பாடசாலை.

காப்பகத்திலிருந்து எடுப்பது பல குடும்பங்களுக்கு எளிது. அங்கே பெரும்பாலும் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்திருக்கும். நாயின் குணமும் அங்குள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ், பெங்களூரில் 1991-இல் தொடங்கிய கியூபா, தில்லியில் ஃபிரெண்டிகோஸ் ஆகியவை பலரும் அறிந்தவை. கடல்கடந்து வாழ்வோருக்கும் அந்தந்த நகரத்தில் காப்பகங்கள் உண்டு. லண்டனில் 1860-இல் தொடங்கிய பேட்டர்ஸீ காப்பகம் அவற்றில் பழமையானது.

வேலைக்குப் போகும் கணவன் மனைவி மட்டும் இருக்கும் வீட்டுக்குக் குட்டியைவிட இரண்டு மூன்று வயதான நாய் பொருத்தம். குட்டிக்கு இரண்டு மணிக்கொரு முறை ஆள் வேண்டும். வளர்ந்த நாய்க்கு அது தேவையில்லை. வளர்ந்த நாய் பழகாது என்பது வீண் பயம்.

முதல் வாரம்

பழமொழியில் சொல்லியபடி முதல் நாளே குளிப்பாட்டிவிடாதீர்கள்! புது இடம், புது மணம், புது மனிதர் என்று மிரண்டிருக்கும் நாயின் தலையில் தண்ணீரும் ஊற்றினால் அது நம்மைக் கண்டே பயப்படும். முதல் வேலை கால்நடை மருத்துவரிடம் காட்டுவது. அவரிடம் கேட்க வேண்டியவை இவை:

1. வெறிநாய்த் தடுப்பூசி. குட்டிக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி. அதன்பின் மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி; பிறகு ஆண்டுதோறும். வயது தெரியாத வளர்ந்த நாய்க்குத் தாமதமின்றிப் போட வேண்டும்.

2. டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி. தெருக்குட்டிகளை வாரிக்கொண்டு போவது இவைதாம். ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர்வார்கள்.

3. குடற்புழு மருந்து. நாயின் வயிற்றுப் புழு குழந்தைகளுக்கும் தொற்றக்கூடும். ஆகவே இதை அலட்சியம் செய்யக்கூடாது.

4. உண்ணியும் சொறியும். உண்ணியால் காய்ச்சல் வந்து நாய் சோர்ந்துவிடும். மண்ணெண்ணெய், கழிவு எண்ணெய் பூசும் பழைய வைத்தியம் தோலைப் புண்ணாக்கும். மருத்துவர் தரும் மருந்தே போதும்.

5. கருத்தடை. சுமார் ஆறு மாத வயதில் மருத்துவரைக் கேட்டுச் செய்யலாம். "பாவம், ஒரு தடவை குட்டி போடட்டுமே" என்று தள்ளிப்போட்டால், பிறக்கும் ஆறு குட்டிகளுக்கும் வீடு தேடுவது யார்?

தடுப்பூசிச் சீட்டைக் குழந்தையின் பள்ளிச் சான்றிதழ்களோடு பத்திரப்படுத்துங்கள். கேரளத்தில் பஞ்சாயத்தில் நாய் உரிமம் பெறவும் அது வேண்டும். பெருநகர மாநகராட்சிகளிலும் உரிமம் உண்டு.

வீட்டுக்குப் பழக்குதல்

மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று காப்பகத்தார் ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் நாய் மூலையில் ஒடுங்கும், சாப்பிடாமலும் இருக்கலாம். மூன்று வாரத்தில் வீட்டின் நேரங்களைக் கற்கும். மூன்று மாதத்தில் இது நம் வீடு என்று நம்பும். எல்லா நாய்க்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனாலும் பத்தாம் நாளே "இது சரிப்படாது" என்று கைகழுவுவோருக்கு இது நல்ல மருந்து.

அதற்கென்று ஒரு சாக்குப்படுதாவோ பழைய போர்வையோ போட்டு ஒரு மூலையை ஒதுக்குங்கள். அங்கே அது படுத்திருக்கும்போது யாரும் தொந்தரவு செய்யக்கூடாது. சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும் வெளியே அழைத்துப் போங்கள். சரியான இடத்தில் போனால் உடனே பாராட்டுங்கள். உள்ளே போய்விட்டால் மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது கொடுமை. அதனால் பயனும் இல்லை. எதற்கு அடி விழுந்தது என்று நாய்க்குப் புரியாது; அடித்த கை மட்டும் நினைவிருக்கும்.

குழந்தைகளுக்கு நான்கு விதிகளைச் சொல்லிக்கொடுங்கள். நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக்கூடாது. அதன் கழுத்தைக் கட்டிப்பிடிக்கக்கூடாது. வாலை இழுக்கக்கூடாது. தெரியாத நாய் நெருங்கினால் ஓடாமல், கையை ஆட்டாமல், மரம்போல் நிற்க வேண்டும். எவ்வளவு சாதுவான நாயானாலும் சின்னக் குழந்தையோடு தனியே விடக்கூடாது.

நம் அடுக்களையும் நாயும்

மிச்சம் மீதியைப் போட்டால் போதும் என்பது நம் வழக்கம். ஆனால் சாம்பாரிலும் கறிக்குழம்பிலும் இருக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட் ஆகாது. வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த இனிப்புகள் நாய்க்கு விஷம். நமக்குக் காய்ச்சலென்றால் போடும் பாராசிட்டமால் மாத்திரையையும் தரக்கூடாது.

வெங்காயமும் காரமும் சேராமல், வெந்த சோற்றோடு முட்டையோ கோழிக்கறியோ முள் நீக்கிய மீனோ, கொஞ்சம் காரட்டும் பூசணியும் சேர்த்துத் தரலாம். பாலும் சோறும் மட்டுமே போட்டு வளர்த்தால் நாய் மெலியும். பல நாய்களுக்குப் பால் செரிக்காமல் பேதியாகும். சைவக் குடும்பத்தார் முன்பே மருத்துவரைக் கேட்டு, புரதம் குறையாத உணவைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். எந்நேரமும் குடிக்கத் தண்ணீர் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கடி பட்டால்

இந்தப் பகுதியைத் தனியே வெட்டி அடுக்களையில் ஒட்டிவைத்தாலும் நல்லது. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. ஆனால் உடனே செயல்பட்டால் அநேகமாக முழுமையாகத் தடுத்துவிடலாம்.

கடியோ நகக்கீறலோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். பிறகு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தடுப்பூசிகளை மருத்துவர் குறித்த தேதிகளில் விடாமல் போட்டுக்கொள்ள வேண்டும். இரத்தம் வரும் காயமானால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவை. அதைக் கேட்டு வாங்குங்கள். நாயைப் பத்து நாள் கவனித்துப் பார்ப்பது சரிதான். ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசி போடாமல் காத்திருப்பது தவறு. கடித்தது நம் வீட்டு நாய்தானே என்றும் விட்டுவிடக்கூடாது.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அந்த ஊசி வழக்கொழிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது கையில் போடும் நான்கைந்து ஊசிகள்தாம். 1885-இல் பாரிசில் லூயி பாஸ்டர் ஒரு சிறுவனுக்கு முதன்முதலில் தடுப்பூசி போட்டார். 1907-இல் நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் தென்னாட்டில் கடிபட்டவர் இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை போக வேண்டியிருந்தது. இன்று அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரியிலேயே கிடைப்பதை அலட்சியத்தால் இழக்கலாமா?

2022 செப்டம்பரில் கேரளத்தின் ரான்னிப் பகுதியில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, ஊசி போட்டும் இந்நோயால் இறந்தாள். முகத்தருகே, கண்ணையொட்டிப் பட்ட கடி அது. முகத்திலும் கழுத்திலும் படும் கடியில் கிருமி மூளையைச் சென்றடையும் தூரம் குறைவு. அங்கே ஒரு மணி நேரத் தாமதமும் ஆகாது. இப்படிப்பட்ட துயரங்கள் தெருநாய் மீது மக்களுக்குக் கோபத்தை வளர்த்ததில் வியப்பில்லை. நாயிடம் அன்புள்ளவர்கள் அந்தக் கோபத்தை ஏளனம் செய்யக்கூடாது. நம் நாய்க்குத் தவறாமல் ஊசி போடுவதும், அதை அலைய விடாமல் வைத்திருப்பதும்தான் நாம் சொல்லும் பதில்.

காட்டோர வீடுகளுக்கு

மறையூர், காந்தல்லூர்ப் பக்கம் பெற்றோரை விட்டுவந்த வாசகர்கள் சிலருக்காவது இது பயன்படும். சின்னார் வனவிலங்கு சரணாலயம் அருகிலேயே இருக்கிறது. காட்டோரத்தில் இரவில் வெளியே கட்டிப்போட்ட நாய், சிறுத்தைக்குத் தட்டில் வைத்த சோறு போன்றது. கட்டியிருப்பதால் அது ஓடவும் முடியாது. இருட்டும் முன் உள்ளே சேர்க்க வேண்டும். அல்லது மேலும் மூடிய உறுதியான கூண்டு வேண்டும். காட்டுக்குள் அவிழ்த்துவிட்ட நாய் யானையைப் பார்த்துக் குரைத்துவிட்டுப் பயந்து நம்மிடமே ஓடிவரும். யானையும் பின்னால் வரும்.

நம் நாயால் காட்டுக்கும் கேடு உண்டு. நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் நோய் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும். 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அந்தக் கிருமி அவற்றின் உடலில் கண்டறியப்பட்டது. சின்னார்ப் பக்கத்துச் செந்நாய்களுக்கும் அந்த ஆபத்து உண்டு. ஒரு நாய்க்குப் போடும் ஊசி ஒரு காட்டையும் காக்கும்.

ஊர் மாறும்போது

நாம் வெளியூர் வந்தவர்கள். இன்னும் ஓர் ஊர் மாறக்கூடியவர்கள். ஆகவே வேறு எவரையும்விட நாம் இதை முன்கூட்டியே சிந்திக்க வேண்டும்.

ரயிலில் நாயைக் கொண்டுபோகலாம். ஏ.சி. முதல் வகுப்பில் முழு அறையையும் பதிவு செய்தால் நம்முடனேயே வரும். இல்லையென்றால் கட்டணம் கட்டி, கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் ஏற்றலாம். கோடையில் அந்தக் கூண்டு கொதிக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வெளிநாடு போவதென்றால் ஆறு மாதம் முன்பே தொடங்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்கு நாயைக் கொண்டுபோக, தோலுக்கடியில் மைக்ரோசிப், அதன்பின் வெறிநாய்த் தடுப்பூசி, 30 நாள் கழித்து இரத்தப் பரிசோதனை, அதிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு என்ற வரிசை உண்டு. வரிசை மாறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கொண்டுபோகவே முடியாத நிலையும் சிலருக்கு வரும். அப்போது நாயை அறிந்த, நாய் அறிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள். கிளம்பும் நாளில் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். இரண்டு மாதம் முன்பே தொடங்கி, வாரம் ஓரிரவு அந்த வீட்டில் தங்கப் பழக்குங்கள். அதன் போர்வையையும் தட்டையும் தடுப்பூசிச் சீட்டையும் கூடவே கொடுங்கள். மருத்துவச் செலவை நாமே அனுப்பிவைக்கலாம். எங்கள் மணிக்கு இதில் எதையும் நாங்கள் செய்யவில்லை. அத்தை வீடு நான்கு வீடு தள்ளித்தான் இருந்தது. அங்கே ஒரே ஓர் இரவுகூட நாங்கள் அதனோடு தங்கிப் பழக்கியதில்லை.

சொல் அறிவோம்

தமிழில் நாய்க்கு ஞமலி, ஞாளி, குக்கல், சுணங்கன் என்றும் பெயர்கள் உண்டு. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைக்கும் குருளை என்ற பெயரைத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. புலிக்குட்டிக்கும் நாய்க்குட்டிக்கும் ஒரே பெயர் என்றால் பிள்ளைகள் மகிழ்வார்கள். மலையாளத்தில் நாயைப் பட்டி என்பார்கள். நமக்கோ பட்டி என்றால் ஊர். ஆட்டை அடைக்கும் இடமும் பட்டிதான். இரண்டு மொழியும் கலந்து பேசும் மறையூர்ப் பிள்ளைகளுக்கு இது தீராத வேடிக்கை.

வீட்டில் கூடிப் பேச

1. நம் வீட்டில் பகலில் நாயோடு இருக்கப்போவது யார்? அவர் சம்மதித்தாரா?
2. இன்னும் பன்னிரண்டு ஆண்டுகளில் நாம் எந்த ஊரில் இருப்போம்?
3. நாம் ஊருக்குப் போகும் கோடை விடுமுறையில் நாயை யார் பார்ப்பார்கள்?
4. நாய் கடித்தால் முதலில் செய்ய வேண்டியது என்ன? வீட்டில் எல்லாருக்கும் தெரியுமா?
5. இந்த நாய்க்குக் கொடுக்க முடியாதது எது? அதை இப்போதே ஒப்புக்கொள்ள முடியுமா?

ஐந்துக்கும் விடை கிடைத்துவிட்டால் தயங்காமல் கதவைத் திறங்கள். ஒன்றுக்காவது விடை இல்லையென்றால், வாசலில் நிற்கும் நாய்க்கு வாசலிலேயே சோறும் தண்ணீரும் வையுங்கள். ஒரு ஊசி போட உதவுங்கள். அதுவும் நன்மையே. அதை வீட்டுக்குள் அழைக்கும் நாள் பிறகு வரலாம். அழைத்தபின் வெளியே அனுப்பும் நாள் மட்டும் வரக்கூடாது.